வெங்காயக் காசும் வெளிநாட்டுக் காசும்

வலிகாமத்துச் செம்மண் கிராமங்களில் காணியைப் பரப்புக் கணக்கில் அளந்தோம். நிலம் போதாமல் முன்னரே மலாயாவுக்கும் கொழும்புக்கும் போனோம். பென்சனும் மணியோடரும் வீடுகளைத் தாங்கின. 1970இல் வந்த அரசு வெங்காய, மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது தோட்டம் உத்தியோகத்துக்கு நிகராயிற்று. 1977இன் திறந்த பொருளாதாரம் அந்த விலையை வீழ்த்தியது. 1983க்குப் பின் இளைஞர்கள் பெருமளவில் வெளியேறினர். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தது.

கிளிநொச்சி நீங்கலாக யாழ் மாவட்டத்தில் 1981இல் 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். 2012இல் எஞ்சியோர் சுமார் 5 இலட்சத்து 84 ஆயிரம்.

வெங்காயக் காசுக்குக் கிணறு இறைக்கவும் களை பிடுங்கவும் ஆட்கள் வேண்டியிருந்தது. அந்தக் காசு கூலிக்காரர் வீட்டையும் எட்டியது. உண்டியலில் போன எங்கள் காசுக்கு வாங்குபவரின் கையொன்றே போதும்.

அது பெற்றோரைக் காத்தது, கோயில்களைக் கட்டியது. காணி விலையையும் ஏற்றியது. பரம்பரையாகக் குத்தகைக்குச் செய்த தோட்டக்காரருக்கு அந்த விலை எட்டாது. நாங்கள் விற்கவும் மாட்டோம், திரும்பிப் போய் மண்வெட்டி பிடிக்கவும் மாட்டோம். இதை ஊர்ப்பற்று என்கிறோம். அதற்கு விலை கொடுப்பவர் ஊரிலேயே தங்கிவிட்ட அந்தத் தோட்டக்காரர். ஊரின் வரவு செலவை எழுதும்போது அதையும் எங்கள் பற்றிலேயே எழுதவேண்டும்.