பூச்சிமருந்து உரிமமும் தற்கொலைத் தடுப்பும்: இலங்கையின் கொள்கை அனுபவம்

1995இல் இலங்கையில் 1 இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. அடுத்த பத்தாண்டில் அது பாதியாகக் குறைந்தது. 2015 வாக்கில் வீழ்ச்சி 70 விழுக்காட்டை எட்டியது. வேலையின்மை, மதுநுகர்வு, மணமுறிவு, உள்நாட்டுப் போர் ஆகியவற்றின் ஏற்றஇறக்கங்களைக் கொண்டு இந்தச் சரிவை விளக்க இயலவில்லை. அதனோடு பொருந்திவருவது கொடிய பூச்சிமருந்துகள் சந்தையிலிருந்து நீங்கிய கால வரிசையே.

பசுமைப் புரட்சிக்குப் பின் சிற்றுழவர் வீடுகளில் நெல் மூட்டைக்குப் பக்கத்திலேயே மருந்துப் போத்தலும் இருந்தது. குடும்பச் சண்டையோ கடன் நெருக்கடியோ முற்றிய வேளையில் அதைக் கையிலெடுத்தவர்களில் பலர் அரைமணி நேரம்கூட யோசித்திருக்கவில்லை. அந்த வேளையைக் கடந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பின்னாளில் தற்கொலையால் இறப்பதில்லை. ஆகவே சாவா பிழைப்பா என்பதைத் தீர்மானித்தது மன உறுதியைவிடப் போத்தலில் இருந்த நஞ்சின் கடுமையே.

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் பீடைகொல்லிப் பதிவாளருக்கு உரிமத்தை மறுக்கும் அதிகாரம் அளித்தது. 1984இல் பாரத்தியான் தடைசெய்யப்பட்டது. 1995க்குள் உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பில் வைத்திருந்த எஞ்சிய கொடிய மருந்துகளும் விலக்கப்பட்டன. உழவர்கள் எண்டோசல்ஃபானுக்கு மாறினர். அதனால் நேர்ந்த சாவுகள் பெருகவே, 1998இல் அதுவும் தடைக்குள்ளானது. ஒரு தடையோடு கோப்பை மூடிவிடாமல், அதன் பின்விளைவையும் மருத்துவமனைப் பதிவுகள் வழியே கவனித்ததுதான் இந்தக் கொள்கையின் தனிச்சிறப்பு. 2008க்கும் 2011க்கும் இடையில் மேலும் மூன்று மருந்துகள் படிப்படியாக விலக்கப்பட்டன. விளைச்சல் வீழும் என்ற அச்சம் மெய்யாகவில்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டவிதியும் 1998இல் நீக்கப்பட்டது.

பாதுகாப்புப் பொறுப்பை வீட்டார் தலையில் கட்டும் மாற்றுவழியும் சோதிக்கப்பட்டது. அனுராதபுரப் பகுதியில் 180 ஊர்களைச் சேர்ந்த 53,000க்கும் மேற்பட்ட வீடுகளை உட்படுத்திய ஆய்வில், பாதி ஊர்களுக்குப் பூட்டுப் பெட்டிகள் வழங்கப்பட்டன. 2017இல் வெளியான முடிவின்படி அவற்றால் பயன் விளையவில்லை. மருந்து கடைக்கு வராமல் தடுப்பதும், வந்தபின் வீட்டில் பூட்டிவைக்கச் சொல்வதும் ஒன்றல்ல.

தடைகளுக்கு எல்லையும் உண்டு. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தோர் தொகை அவற்றால் குறையவில்லை. வந்தோரில் இறப்போர் விகிதமே குறைந்தது. மதுவும் கடனும் குடும்ப வன்முறையும் அப்படியே இருந்தன. அவற்றுக்குச் சமூகநலப் பணியும் மனநல மருத்துவமும் வேண்டும். எனினும் துயரின் வேர் களையப்படும் வரை தடையைத் தள்ளிப்போடுவதற்கு இது நியாயமாகாது.

இந்தியாவின் 2022ஆம் ஆண்டுத் தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, 2030க்குள் தற்கொலைச் சாவுகளை 10 விழுக்காடு குறைக்க இலக்கு வைத்துள்ளது. ஆனால் இலங்கை 1995இல் கைவிட்ட மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிப் பயிருக்கு மட்டும் தெளிக்கக் கூடாதென 2005இல் விதித்தது இந்திய அரசு. பருத்திக்கென்று அதே மருந்து அதே கடையில் தொடர்ந்து விற்பனையானது. எந்தப் பயிருக்குத் தெளிப்பது என்ற வரையறை உணவில் தங்கும் மருந்தெச்சத்தின் அளவைக் கட்டுப்படுத்தலாம். மருந்து வீட்டுக்குள் வருவதை அது தடுக்காது.