கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு வீடு

நெதர்லாந்தில் வீடு வாங்குபவருக்குச் சட்டம் மூன்று நாள் தருகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, அதன் நகல் கைக்கு வந்த பிறகு மூன்று நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகிவிடலாம். 2003-இல் வந்த விதி. யோசிக்கும் காலம் என்றே அதற்குப் பெயர். அந்த மூன்று நாளில்தான் நான் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

2022 கோடை. ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனில் மூன்று வீடுகளுக்குக் கேட்ட விலையைவிட அதிகம் போட்டும் தோற்றுப்போய், வடக்கே மிட்டன்பேம்ஸ்டர் என்ற கிராமத்தில் ஒரு வீடு அமைந்திருந்தது. ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, வரிசையாக மரங்கள், இரவு எட்டு மணிக்கு மேல் சைக்கிள் சத்தம்கூட இல்லாத தெரு. படங்களை வாட்ஸப்பில் அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"தோட்டம் நல்லாருக்குடா. பின்னாடி வாய்க்கால் போகுது போல. கடல் எவ்வளவு தூரம்?"

"இருபது கிலோமீட்டருக்கு மேல இருக்கும்மா."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொறியியல் படித்தவனின் வாய் சும்மா இருக்குமா? "ஆனா கடல் மட்டத்துக்கு மூணரை மீட்டர் கீழம்மா, தெரியுமா?" என்று ஏதோ சாதனை போலச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எங்கள் ஊர் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 அன்று அம்மா மருத்துவமனையில் டூட்டியில் இருந்த நர்ஸ். எங்கள் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று அங்கே பார்த்ததை அம்மா இதுவரை முழுசாக யாரிடமும் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அங்க தண்ணிய யாருடா புடிச்சு வச்சிருக்கா?"

பதில் எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் இருந்தது. படிக்க ஆரம்பித்தேன்.

*

பேம்ஸ்டர் நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஏரி. ஏழாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரப்பு, நம் கணக்கில் பதினேழாயிரம் ஏக்கருக்கும் அதிகம். அன்றைக்கு உள்நாட்டுக் கடலாக இருந்த சௌடர்சேயோடு அதற்குத் தொடர்பு இருந்தது. புயல் அடித்தால் ஏரி கரையைத் தின்னும். சுற்றியிருந்த கிராமங்கள் வருஷா வருஷம் கொஞ்சம் நிலத்தை இழந்துகொண்டிருந்தன.

1607-இல் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் சிலர், இந்த ஏரியை இறைத்துக் காயவைத்து நிலமாக்க அரசிடம் அனுமதி வாங்கினார்கள். முன்னணியில் இருந்தவர் டிர்க் வான் ஓஸ். மொத்தம் 123 பேர் பணம் போட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஜனம் பெருகியது, சாப்பாட்டுத் தேவையும் பெருகியது. நல்ல களிமண் நிலம் கிடைத்தால் குத்தகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம். அவர்களுக்கு இது ஒரு முதலீடு. யாரையும் வெள்ளத்திலிருந்து காப்பாற்றக் கிளம்பிய கதை இல்லை.

செய்முறையைக் கேட்டால் எளிது. ஏரியைச் சுற்றி ஒரு கரை. சுமார் 38 கிலோமீட்டர். கரைக்கு வெளியே சுற்றிலும் ஒரு கால்வாய். காற்றாலையை வைத்து ஏரித் தண்ணீரை அந்தக் கால்வாயில் ஏற்றிவிட்டால், அது கடலுக்குப் போய்விடும். சிக்கல் ஏற்றுவதில் இருந்தது. ஒரு காற்றாலை தண்ணீரை ஒன்று, ஒன்றரை மீட்டர்தான் தூக்கும். ஆழமோ மூன்று மீட்டருக்கு மேல். அதனால் காற்றாலைகளைப் படிக்கட்டு மாதிரி வரிசையாக நிறுத்தினார்கள். முதலாவது தூக்கிக் கொடுப்பதை இரண்டாவது வாங்கும். அது தூக்கியதை மூன்றாவது வாங்கும். இந்த வேலையில் பெயர் வாங்கியவர் அருகிலிருந்த டே ரைப் கிராமத்தின் ஆலைத் தச்சர் யான் அட்ரியான்ஸ்சோன். பின்னால் லேக்வாட்டர் என்று பெயர் சேர்த்துக்கொண்டார். ஏறத்தாழ 'காலித் தண்ணீர்' என்று பொருள்.

1610 ஜனவரியில் புயல். சௌடர்சேயின் கரை உடைந்தது. பாதி இறைத்து முடித்திருந்த ஏரி மறுபடி நிரம்பிவிட்டது. மூன்று வருஷத்து வேலையும் பணமும் தண்ணீருக்கடியில்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஒரு மென்பொருள் புராஜெக்ட்டில் மூன்று மாத வேலை வீணானாலே அடுத்த மீட்டிங்கில் யார் தலையில் கட்டலாம் என்றுதான் பார்ப்போம். அவர்கள் கூடிப் பேசி, மறுபடி பணம் போட்டு, கரையை இன்னும் உயர்த்தி, முதலிலிருந்து இறைத்தார்கள். வேலை முடிந்தபோது காற்றாலைகளின் எண்ணிக்கை 43. 1612-இல் ஏரியின் தரை வெளியே வந்தது. நில அளவையாளர்கள் நூல் பிடித்தாற்போல் சாலையும் வாய்க்காலும் போட்டு, நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்தார்கள். யாருக்கு எந்தத் துண்டு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அந்தக் கட்டங்கள் இன்றும் அப்படியே இருப்பதால்தான் 1999-இல் யுனெஸ்கோ பேம்ஸ்டரை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. நான் வாங்கப்போகும் வீட்டின் முன்னால் போகும் நேர்ச்சாலையும் அப்போது போட்டதுதான்.

*

இரண்டாம் நாள் இரவுதான் டிர்க் வான் ஓஸ் என்ற பெயரைத் தனியாகத் தேடிப் பார்த்தேன்.

1602-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியபோது, ஆம்ஸ்டர்டாம் கிளைக்கான பங்குப் பதிவேடு இவர் வீட்டில்தான் வைக்கப்பட்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த வீட்டுக்கு வந்து பெயர் எழுதிப் பணம் போட்டார்கள். அவர் வீட்டுப் பணிப்பெண்கூட நூறு கில்டர் போட்டாள். அந்தக் கம்பெனியின் முதல் இயக்குநர்களில் அவரும் ஒருவர். பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, நஷ்டத்தையும் லாபத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும் அதே உத்தி ஐந்து வருஷம் கழித்து ஏரிக்கு வந்தது. ஒரு பக்கம் கடலுக்கு அப்பால் கப்பல் அனுப்பினார்கள். மறுபக்கம் வீட்டுக்குப் பின்னாலிருந்த தண்ணீரை இறைத்தார்கள்.

பேம்ஸ்டர் காய்ந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் கம்பெனி சோழமண்டலக் கரையில் காலூன்றிக்கொண்டிருந்தது. 1610 வாக்கில் பழவேற்காட்டில் கால் வைத்தார்கள். 1613-இல் அங்கே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. மொலுக்கத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளிக்காசைவிட நம் கரையின் துணி நன்றாகச் செல்லுபடியானது. அந்தத் துணிக்காகத்தான் வந்தார்கள். 1658-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டுகளில் தஞ்சைச் சீமையில் பெரும் பஞ்சம். சோற்றுக்கில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றவர்களைக் கம்பெனி வாங்கியது. ஆயிரக்கணக்கானவர்களை இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பலேற்றியது. 1781-இல் ஆங்கிலேயர் வந்து பிடிக்கும்வரை நாகப்பட்டினம் அவர்கள் கையில் இருந்தது.

வான் ஓஸ் 1615-லேயே இறந்துவிட்டார். தஞ்சைப் பஞ்சத்துக்கும் அவருக்கும் நேரடியாக முடிச்சுப் போட முடியாது. ஏரியை இறைத்த பணத்தில் நம் துணி விற்ற காசு இருந்தது என்று சொல்வதும் தப்பு. பேம்ஸ்டருக்குப் பணம் போட்டபோது அவர்கள் பழவேற்காட்டுக்கே வந்திருக்கவில்லை. ஆனாலும் இரண்டு பதிவேடுகளிலும் ஒரே பெயர். ஒரு பதிவேடு இங்கே ஆயிரக்கணக்கானவர்களுக்கு நிலம் தந்தது. இன்னொன்று எங்கள் ஊர்த் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிக்கொண்டு போனது. நாகப்பட்டினத்துக்காரன் ஒருவன் கடன் வாங்கி இந்தத் தரையில் ஒரு துண்டை விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

மனைவியிடம் சொன்னேன். "அதுக்காக வாங்காம இருக்கப்போறோமா?" என்றாள். இல்லைதான். தெரிந்துகொண்டு வாங்கலாம் என்று மட்டும் தோன்றியது.

மூன்றாம் நாள் முடிந்தது. விலகவில்லை.

*

இங்கே சொத்து கைமாறுவது நோட்டரி முன்னிலையில் நடக்கும். நம் ஊர் நோட்டரி மாதிரி முத்திரை குத்திக் கொடுத்து அனுப்புகிறவர் இல்லை. பத்திரம் எழுதுவது, பணத்தைக் கையில் வைத்திருந்து கொடுப்பது, வில்லங்கம் பார்ப்பது எல்லாம் அவரே. வாங்குபவருக்கு டச்சு புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கும் ஒருவர் வந்தார். கடைசியில் பத்திரம் கடாஸ்டர் எனும் நிலப் பதிவகத்தில் ஏறினால்தான் நிலம் நம்முடையது. நெப்போலியன் காலத்தில் வரி வசூலுக்காகத் தொடங்கிய அளவை வேலை, 1832-இல் நாடு முழுவதற்குமான பதிவகமானது. ஊர்ப் பெயர், ஒரு எழுத்து, ஒரு எண். பட்டா, சிட்டா, அடங்கல் என்று அப்பா வருஷக்கணக்கில் அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். சில யூரோ கட்டி எந்த வீட்டுக்கு யார் உரிமையாளர், என்ன விலைக்கு வாங்கினார் என்று யாரும் பார்க்கலாம் என்றபோது பொறாமையாகத்தான் இருந்தது.

சாவி கையில் வந்தது. அம்மாவின் கேள்விக்கான பதில் மட்டும் பத்திரத்தில் இல்லை. அது இலையுதிர்காலத்தில் ஒரு கடிதமாக வந்தது.

அனுப்பியது வாட்டர்ஸ்ஹாப். தண்ணீர் வாரியம் என்று சொல்லலாம். கரை, வாய்க்கால், பம்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. இவற்றில் சில பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. அதாவது இந்த நாட்டைவிட வயதில் மூத்தவை. தனி வரி, தனித் தேர்தல் எல்லாம் உண்டு. கடிதத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால், குறிப்பிட்ட தேதிக்குள் வாய்க்காலைச் சுத்தம் செய்யுங்கள், ஆய்வுக்கு வருவோம் என்று இருந்தது. யாருக்கோ வந்த கடிதம் என்று நினைத்து மேசை மேல் போட்டுவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் விவசாயியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சனிக்கிழமை நீண்ட கம்புள்ள வாருகோலோடு வேலி ஓரம் வந்து நின்றார். "உங்கள் பக்கத்தை நீங்கள் எடுக்க வேண்டும்" என்று நிதானமான டச்சில் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் போகும் வாய்க்காலில் என் வீட்டு நீளத்துக்கு மண்டிய பாசியும் நாணலும் என் பொறுப்பு. நான் எடுக்காவிட்டால் அவர் பக்கம் தண்ணீர் நிற்கும். அவர் எடுக்காவிட்டால் அடுத்தவர் பக்கம். எல்லோரும் எடுத்தால்தான் தண்ணீர் பம்பு நிலையம்வரை போகும். காற்றாலைகள் போய் நீராவி வந்து, அதுவும் போய் இன்றைய பம்புகள் வந்துவிட்டன. ஆனால் இந்த வாருகோல் வேலை மட்டும் போகவில்லை. பம்புகள் நின்றுபோனால் பேம்ஸ்டர் மெதுவாக மறுபடி ஏரியாகிவிடும்.

அன்று மாலை காபி குடிக்கும்போது பெரியவர் பழைய வழக்கம் ஒன்றைச் சொன்னார். அந்தக் காலத்தில் கரையில் தன் பங்கைப் பராமரிக்க முடியாதவன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு ஊரைவிட்டுப் போக வேண்டும். அதைப் பிடுங்கி எடுப்பவனுக்கு அவன் நிலமும் சேரும், கரை வேலையும் சேரும். 'கரை கட்டாதவன் இடத்தைக் காலி பண்ணு' என்ற பொருளில் ஒரு பழமொழியே இருக்கிறது. எனக்கு நம் குடிமராமத்து ஞாபகம் வந்தது. கடைமடையான எங்கள் பக்கம் தண்ணீர் வந்து சேர்வதற்காக வாய்க்கால் வெட்டுவார்கள், இங்கே தண்ணீர் வெளியே போவதற்காக வெட்டுகிறார்கள். இரண்டு இடத்திலும் ஒருவன் சும்மா இருந்தால் அடுத்தவன் வயல் கெடும். கிராமத்தின் அமைதி என்று நான் பார்த்ததற்கு அடியில் நானூறு வருஷமாக இந்த வேலை ஓடிக்கொண்டிருக்கிறது.

கரை உடையவே உடையாது என்றில்லை. 1953-இல் பிப்ரவரி ஒன்றாம் தேதி விடிவதற்குள் தெற்கே சேலாந்திலும் அதை ஒட்டிய பகுதிகளிலும் கரைகள் உடைந்து 1,836 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் டெல்டா அணைகள் வந்தன. இதைப் பெரியவர் மறைக்கவில்லை. "அதனால்தான் வாருகிறோம்" என்றார், அவ்வளவுதான்.

2023 மார்ச்சில் தண்ணீர் வாரியத் தேர்தல். இங்கே சட்டப்படி வசிக்கும் வெளிநாட்டவரும் அதில் ஓட்டுப் போடலாம். பொதுத்தேர்தலில் உரிமை இல்லாத எனக்கு வாக்காளர் அட்டை வந்திருந்தது. அதைப் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன்.

"என்ன எலெக்‌ஷன்டா இது?"

"தண்ணிக்கும்மா. அன்னைக்கு கேட்டீங்களே, யாரு புடிச்சு வச்சிருக்கான்னு. கொஞ்சம் நானும்தான்."

அம்மா சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாய்க்கால் தூர் வாரியாச்சா?" என்று கேட்டார்.

"வாரியாச்சும்மா."

"சரி. அப்ப நான் வந்து பாக்குறேன்."