ஊமை மாளிகை

அக்பர் சக்கரவர்த்தியைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். போர், வரி, கோட்டை என்று பல செய்திகள் அதில் இருக்கும். அவர் கட்டிய ஒரு வீட்டைப் பற்றி மட்டும் அதிகம் யாரும் சொல்வதில்லை. ‘குங் மஹல்’ என்று அதற்குப் பெயர் வந்தது. ஊமை மாளிகை என்று பொருள்.

குழந்தைக்குப் பேச்சு தானாக வருமா, பிறர் பேசக் கேட்டுத்தான் வருமா? கேள்வி மிகப் பழையது. எகிப்து மன்னர் சாமெட்டிக்கஸ் இரண்டு குழந்தைகளை ஓர் இடையனிடம் ஒப்படைத்து, அவர்கள் காதில் ஒரு சொல்லும் விழக்கூடாது என்று கட்டளையிட்டதாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். இரண்டு ஆண்டு கழித்து அவை ‘பெக்கோஸ்’ என்றனவாம். அது ஃபிரிஜிய மொழியில் ரொட்டியைக் குறிக்கும் சொல் என்று கண்டு மன்னர் திருப்தியடைந்தார். குழந்தைகளுக்குப் பால் கொடுத்தவை ஆடுகள். ஆட்டின் கத்தலைத்தான் குழந்தைகள் திருப்பிச் சொல்லியிருக்கும் என்று பிற்காலத்தார் கருதினர். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

அக்பரின் சோதனை இதைவிடப் பெரியது. சுமார் 20 கைக்குழந்தைகளைத் தாய்மாரிடம் பணம் கொடுத்து வாங்கி, தனியான ஒரு வீட்டில் வைத்தார்கள் என்று அவர் அவையில் இருந்த பதாயூனி எழுதுகிறார். பாலூட்டச் செவிலித்தாய்மார் உண்டு, பேசத்தான் கூடாது. குழந்தைகள் எந்த மதத்தின் பக்கம் சாய்கின்றன என்று அறியவே இந்த ஏற்பாடு என்கிறார் அவர். அபுல் ஃபசல் சொல்வது வேறு. பேச்சு காதின் வழியாகத்தான் வருகிறது என்றார் அக்பர், சிலர் நம்பவில்லை, அவர்களுக்குக் காட்டவே வீடு எழுந்தது. 1582-ல் அக்பர் நேரில் சென்று பார்த்தார். நான்கு ஆண்டுகள் ஆகியும் ஒரு சொல் இல்லை, ஊமைச் சத்தம் மட்டுமே. சில குழந்தைகள் இறந்தும் போயின. அரசர் சொன்னது சரிதான். அதை நிரூபிக்க ஏழைத் தாய்மாரின் பிள்ளைகளை எடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த வீட்டில் பாலுக்குக் குறைவில்லை. நம் தோட்டங்களிலும், விடியுமுன்னே பெரட்டுக்குப் போன தாய்மார் கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்ற காலம் உண்டு. பிள்ளை அழாமல் கிடந்தால் போதும் என்றிருந்த ஆயாவும் உண்டு. குளிப்பாட்டும்போது ‘கையைக் காட்டு, காலைக் காட்டு’ என்று வாய் ஓயாமல் பேசிய ஆயாவும் உண்டு. இரண்டாமவர் சம்பளமில்லாத ஆசிரியர்.

1972-ல் கேதரின் ஸ்னோ என்ற ஆய்வாளர், தாய்மார் இரண்டு வயதுப் பிள்ளையிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று எழுதினார். சின்னச் சின்ன வாக்கியங்கள். சொன்னதையே திரும்பச் சொல்வது. பிள்ளை எதிரில் இல்லாமல் ஒலிநாடாவுக்காகப் பேசியபோது அந்தப் பக்குவம் குறைந்துவிட்டது. ஆகையால் நாள் முழுதும் வானொலியைத் திறந்து வைத்தால் பிள்ளை பேசிவிடும் என்று எண்ணாதீர்கள். வானொலியில் பேசும் நானே இதைச் சொல்கிறேன்! இந்தப் பெட்டி பிள்ளைக்குப் பதில் சொல்லாது.

பிள்ளை ‘ங்கா’ என்றால் ‘என்னடா கண்ணு?’ என்று கேட்டு, அது மறுபடி சத்தமிடும்வரை பொறுங்கள். ‘தண்ணி’ என்றால் ‘தண்ணி வேணுமா? இந்தா, மெதுவாக் குடி’ என்று நீட்டிச் சொல்லுங்கள். பாட்டியோ அக்காளோ பார்த்துக்கொண்டாலும் இதே முறைதான். மழலையைக் கேலி செய்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். முதலாம் வகுப்பில் அப்படிப்பட்ட பிள்ளைகளை நான் பார்க்கிறேன்.

இரண்டு வயதாகியும் ஒரு சொல்லும் வராத பிள்ளையை, ‘அப்பனைப் போல, மெதுவாகத்தான் பேசும்’ என்று விட்டுவிடாதீர்கள். அரசாங்கக் கிளினிக்குக் கொண்டுபோய் முதலில் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காது கேளாத பிள்ளைக்குச் சைகை மொழி இருக்கிறது. அதையும் சிறு வயதிலேயே தொடங்க வேண்டும்.