ஜாஸின் பதிப்பாசிரியர்கள்

1959 ஆகஸ்டில் கொலம்பியா கம்பெனி வெளியிட்ட மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஜாஸ் இசைத்தட்டுகளில் மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்று. அதன் முதல் பக்கத்து உருப்படிகள் மூன்றும் அந்த ஆண்டு மார்ச் 2 அன்று நியூயார்க்கில் ஒரே அமர்வில் பதிவானவை. அன்று பிரதான ஒலிநாடா எந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அப்படிப் பதிந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும். ஏறியும் விட்டது. தட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்துப் பழகியவர்களுக்குத் தங்கள் வாத்தியம் அதோடு ஒட்டவில்லை என்பது தெரிந்திருந்தது. மற்றவர்கள் 33 ஆண்டுகள் ஏறிய சுருதியையே அசலென்று கேட்டார்கள். 1992இல் மறுவெளியீட்டுக்காக, துணைக்கு ஓடிய இன்னோர் எந்திரத்தின் நாடாவை எடுத்தபோதுதான் பிழை திருந்தியது. மறுவெளியீடு என்றால் பழைய சரக்குக்குப் புது உறை என்பது பொதுவான நினைப்பு. வியாபாரத்தில் அதற்கு நிறைய நியாயம் உண்டு. ஆனால் ஜாஸ் விஷயத்தில் அது பதிப்புப் பணியாகவும் இருந்திருக்கிறது. அந்த இசைக்கு இன்று ஒரு வரலாறு இருக்கிறதென்றால், அதன் பெரும்பகுதியை எழுதியவர்கள் பேராசிரியர்களோ அசல் கம்பெனிகளோ இல்லை. பழைய தட்டுகளைத் தேடி எடுத்து, தேதி போட்டு, பெயர் சேர்த்து மறுபடி அச்சிட்டவர்கள்தான்.

இந்த வேலை மற்ற இசைகளைவிட ஜாஸுக்கு ஏன் அதிகம் தேவைப்பட்டது? பீத்தோவனின் ஒரு சிம்பனியைப் பதிந்த தட்டு உடைந்துபோனால் ஸ்வரம் எழுதிய தாள் மிஞ்சும். வேறொரு குழு அதை வாசித்துக்கொள்ளும். ஜாஸில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரு மெட்டும் அதன் அடித்தளமும் மட்டுமே. மீதி மனோதர்மம். அன்று அந்த அறையில் கலைஞர் வாசித்ததுதான் படைப்பு. தட்டு போனால் படைப்பே போயிற்று. 1917 பிப்ரவரியில் ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற வெள்ளையர் குழு விக்டர் கம்பெனிக்காக வாசித்துக் கொடுத்ததில் தொடங்கி முப்பது ஆண்டுகள், ஜாஸ் வாழ்ந்தது ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் ஓடும் அரக்குத் தட்டுகளில். ஓர் உருப்படியை இரண்டு மூன்று முறை வாசிக்கவைப்பார்கள்; ஒவ்வொரு வாசிப்பும் ஒரு டேக். ஒன்றைத் தேர்ந்து வெளியிடுவார்கள். மற்றவை உலோக அச்சாகக் கிடங்கில் கிடக்கும், அல்லது அழிக்கப்படும். கம்பெனிக்கு இது ஆடுவதற்கான இசை. இந்தப் பருவத்தில் விற்றால் சரி, அடுத்த பருவத்தில் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். 1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் சின்னக் கம்பெனிகள் பல மூடிக்கொண்டன. பிறகு போர். தட்டு செய்ய வேண்டிய அரக்கு இந்தியக் காடுகளிலிருந்து கப்பலேறிப் போய்க்கொண்டிருந்தது. 1942இல் அமெரிக்க அரசு அதன் பயன்பாட்டைக் கடுமையாகக் குறைத்தபோது, பழைய தட்டுகளைச் சேகரித்து அரைத்துப் புதிய தட்டு செய்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் இசைக்கலைஞர் சங்கம் தொடங்கிய பதிவு மறுப்பு 1944 நவம்பர் வரை நீண்டது. பீபாப் என்ற புதிய பாணி நியூயார்க் விடுதிகளில் முளைத்த நேரம் அது. அந்த முளைப்பருவத்துக்கு ஸ்டுடியோ பதிவு அநேகமாக இல்லை.

இந்த அழிவுக்கு நடுவில் முதலில் விழித்துக்கொண்டவர் ஒரு கடைக்காரர். நியூயார்க்கின் 42ஆம் தெருவில் கொமடோர் என்ற இசைத்தட்டுக் கடை நடத்திய மில்ட் கேப்ளர், பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட ஜாஸ் தட்டுகளைத் தேடி வாடிக்கையாளர் வருவதைப் பார்த்தார். 1930களின் நடுவில் கம்பெனிகளிடமிருந்து பழைய அச்சுகளைக் குத்தகைக்கு வாங்கி, யுனைடெட் ஹாட் கிளப்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற அமைப்பின் பெயரில் மறுபடி அச்சடித்தார். அவர் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரிது என்பேன்: தட்டின் நடுவில் ஒட்டும் காகிதத்தில் யார் யார் என்ன வாத்தியம் வாசித்தார்கள் என்று அச்சிட்டார். அதற்குமுன் குழுவின் பெயர் இருக்கும், அதுவும் சில நேரம் பொய்ப்பெயர். 1923இல் இண்டியானா மாநிலத்து ரிச்மண்டில் ஜெனட் கம்பெனி பதிந்த கிங் ஆலிவர் குழுத் தட்டை வாங்கியவருக்கு, அதில் இரண்டாவது கார்னெட் வாசிக்கும் இளைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் என்பதைத் தட்டு சொல்லவில்லை. 1936இல் பாரிஸிலிருந்து சார்ல்ஸ் டெலோனே வெளியிட்ட 'ஹாட் டிஸ்கோகிராஃபி' இதே வேலையைப் புத்தகமாகச் செய்தது: எந்தப் பதிவு, எந்த நாள், யார் யார். அமெரிக்கா மதிக்காத அமெரிக்க இசைக்கு முதல் பெரிய அட்டவணை பிரான்சில் அச்சானது. 1940இல் கொலம்பியா கம்பெனி, யேல் பல்கலைக்கழக மாணவரான ஜார்ஜ் அவாக்கியனைக் கூப்பிட்டுத் தன் கிடங்கைத் திறந்துவிட்டது. அவர் ஆம்ஸ்ட்ராங்கின் 1920களின் பதிவுகளை ஆல்பமாகக் கோத்தார். வெளிவராமல் கிடந்த சிலவற்றையும் கண்டெடுத்தார். வாசித்தவர் பெயர், நாள், இடம் என்ற மூன்றும் கூடிய பிறகுதான் ஒரு பதிவுக்கு முன்னும் பின்னும் எது என்று பேச முடிந்தது. வரலாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்த மரபின் உச்சம் மொசைக் என்ற மறுவெளியீட்டுக் கம்பெனி. அதன் கதை ப்ளூ நோட்டின் அலமாரியில் தொடங்குகிறது. ப்ளூ நோட் கம்பெனியை 1939இல் ஆல்ஃபிரட் லயன் தொடங்கினார். அவருடைய நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் கூடச் சேர்ந்தார். இருவரும் நாஜி ஜெர்மனியை விட்டு வந்தவர்கள். லயனுக்குத் திருப்தியில்லாத அமர்வு, அல்லது வரிசையில் இடம் கிடைக்காத அமர்வு, பெட்டியோடு அலமாரிக்குப் போய்விடும். 1960களின் நடுவில் கம்பெனி கைமாறியது. 1971இல் வுல்ஃப் இறந்தார். அலமாரியில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை. 1970களின் நடுவில் மைக்கேல் குஸ்குனா என்ற தயாரிப்பாளர் உள்ளே நுழைந்தார். நாடாப் பெட்டிகளில் விவரம் போதாத இடங்களில், வாசித்த கலைஞர்களையே விசாரித்துப் பெயர்களைத் தேடி நிரப்பினார். பிறகு அவரும் சார்லி லோரியும் சேர்ந்து தொடங்கிய மொசைக், 1983இல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்கின் ப்ளூ நோட் பதிவுகளை முழுமையாக நான்கு எல்.பி. கொண்ட பெட்டியாக வெளியிட்டது. குத்தகைக்கு எடுத்த பதிவுகள், எண்ணிட்ட குறைந்த பிரதிகள், அஞ்சல்வழி விற்பனை, வுல்ஃப் எடுத்த புகைப்படங்கள் நிறைந்த பெரிய குறிப்பேடு: அதன்பின் வந்த பெட்டிகளுக்கெல்லாம் இதுவே அச்சு. உ.வே. சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பிரதிபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தாரே, அதே காரியம்தான் குஸ்குனா செய்தது. ஒரே உருப்படியை மங்க் அடுத்தடுத்து இருமுறை வாசித்ததை அருகருகே கேட்கும்போது, எது யோசித்து வைத்திருந்தது, எது அந்தக் கணத்தில் உதித்தது என்று பிரிந்து தெரிகிறது. ஒரே டேக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல முடியாது.

பதிப்பாசிரியர் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ட்யூக் எலிங்டனின் நியூபோர்ட் கச்சேரியே சாட்சி. 1956 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் டெனர் சாக்ஸபோன் கலைஞர் பால் கான்சால்வெஸ் ஓர் உருப்படியின் நடுவில் 27 ஆவர்த்தனங்கள் தொடர்ந்து வாசித்தார். கூட்டம் எழுந்து ஆடியது; எலிங்டனின் இறங்குமுகம் அன்றோடு முடிந்தது. ஆனால் கான்சால்வெஸ் நின்றது கொலம்பியாவின் மைக் முன்னால் இல்லை, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக் முன்னால். ஆகவே வெளிவந்த தட்டில் அவர் எங்கோ தொலைவிலிருந்து வாசிப்பதுபோல் ஒலித்தது. அந்தக் கச்சேரிக்கென்று எழுதப்பட்ட நெடிய உருப்படியின் பகுதிகளைப் பிறகு ஸ்டுடியோவில் மறுபடி வாசிக்கவைத்து, கைதட்டல் ஒட்டி, நேரடிக் கச்சேரி என்றே விற்றார்கள். தயாரித்தவர் அதே அவாக்கியன்! பழைய தட்டுகளுக்குத் தேதி போட்டவரே புதிய தட்டில் இப்படிச் செய்தார் என்பது, விற்கும் வேலையும் பதிப்பிக்கும் வேலையும் ஒரே ஆளிடம்கூட எவ்வளவு வேறுபடும் என்பதைக் காட்டுகிறது. 1999இல்தான், பின்னாளில் கிடைத்த வானொலி நாடாவையும் கொலம்பியாவின் நாடாவையும் இணைத்து, எது மேடை, எது ஸ்டுடியோ என்று பிரித்துச் சொல்லும் வெளியீடு வந்தது.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுவதில் முதலாவது, கலைஞர் வேண்டாம் என்றதை வெளியிட நீ யார் என்ற கேள்வி. கனமான கேள்விதான். 1946 ஜூலை 29 அன்று ஹாலிவுட்டில் 'லவர் மேன்' பதிந்தபோது சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் நிற்கவும் முடியாத நிலையில் இருந்தார். அன்றிரவே எல்லாம் குலைந்து, மனநல மருத்துவமனையில் பல மாதங்கள் இருக்க நேர்ந்தது. டயல் கம்பெனியின் ராஸ் ரஸ்ஸல் அந்தப் பதிவை வெளியிட்டார். பார்க்கர் அதை மன்னிக்கவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போது, கடைத்தெருவில் விற்கும் தட்டாக அதை விட்டது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் கலைஞர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆனபின், நாளும் சூழலும் சொல்லும் குறிப்போடு அது முழுத் தொகுப்பில் இடம்பெறுவது வேறு விஷயம். டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன்காரர் 1947, 1948இல் விடுதி விடுதியாகக் கருவியைத் தூக்கிச் சென்று பார்க்கர் வாசித்ததைப் பதிந்தார். பார்க்கர் நிறுத்தியதும் பெரும்பாலும் கருவியையும் நிறுத்திவிடுவார். அரைகுறைத் துண்டுகள், மோசமான ஒலி. 1990இல் மொசைக் இவற்றை ஏழு சிடிகளாக வெளியிட்டபோது, இதை யார் கேட்பார்கள் என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. தட்டின் மூன்று நிமிட எல்லை இல்லாத இடத்தில் பார்க்கர் எப்படி வாசித்தார் என்று அறிய அந்தத் துண்டுகளைவிட நல்ல ஆதாரம் அதிகம் இல்லை.

இரண்டாவது ஆட்சேபம் கேட்பவர் தரப்பிலிருந்து வருவது: ஒரே பாட்டை மூன்று முறை வரிசையாக யார் கேட்பது? இதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் மூவர் குழு 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டில் வாசித்தது. பதினோரு நாளில் பாஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார். அன்றைய பதிவுகளிலிருந்து தயாரிப்பாளர் ஓரின் கீப்நியூஸ் தேர்ந்து கோத்த இரண்டு எல்.பி.களும் கச்சிதமானவை, ஒருவர் ஜாஸுக்குள் நுழைய அவையே சிறந்த வாசல். 2005இல் வந்த முழுத் தொகுப்போ மின்சாரம் போய் வாசிப்பு அறுபட்ட முதல் பதிவிலிருந்தே ஆரம்பிக்கிறது. அதை ஒரே மூச்சில் கேட்கச் சொல்பவர் இசைக்கு விரோதி. டேக்குகளை அடுத்தடுத்து அடுக்கும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. தேர்ந்தெடுத்தது முன்னால், மற்றவை கடைசியில் என்பதே நல்ல பதிப்பு முறை. பிரான்சின் கிளாசிக்ஸ் தொடர் வேறு டேக்குகளே வேண்டாம் என்று, அன்று வெளிவந்தவற்றை மட்டும் கால வரிசையில் கொடுத்தது. பொதுக் கேட்பவருக்கு அது போதும். ஆனால் முழுத் தொகுப்பு எங்காவது ஓரிடத்தில் இருந்தால்தான் அதிலிருந்து பொறுக்கித் தேர்ந்த தொகுப்பை எடைபோட முடியும்.

மூன்றாவது குற்றச்சாட்டுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வாசித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். சேகரித்தவர்கள், குத்தகைக்கு விட்டவர்கள், குறிப்பு எழுதியவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். 1920களில் பலருக்கு ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுவெளியீட்டில் வந்த பணம் அவர்கள் குடும்பத்தை எட்டவில்லை. ஐரோப்பாவில் பதிவுரிமை 50 ஆண்டாக இருந்த காலத்தில் மலிவுப் பெட்டிகள் பெருகியதும் இதை மாற்றவில்லை. மறுவெளியிட்டவர்கள் காசைத் திருப்பித் தரவில்லை, பெயரைத் திருப்பித் தந்தார்கள். அது ஈடாகாது என்றாலும், அதையும் செய்யாமல் விட்டவர்களே அதிகம்.

எல்லாம் போனில் கிடைக்கும்போது பெட்டி எதற்கு என்பார்கள். இரண்டு காரணம். கிடங்கு எரியும்: 1978இல் நியூஜெர்சியின் லாங் பிராஞ்சில் அட்லாண்டிக் கம்பெனியின் நாடாக்கிடங்கு எரிந்தது, வெளிவராத பதிவுகள் ஏராளமாகச் சாம்பலாயின, 2008இல் யுனிவர்சல் ஸ்டுடியோ தீயிலும் மூல நாடாக்கள் போயின, உலகுக்கு முழு விவரம் தெரிய 2019 ஆயிற்று. நேரத்தோடு எடுத்துப் பிரதி செய்யப்பட்டவை பிழைத்தன. அடுத்தது, ஸ்ட்ரீமிங் சேவைகளில் உருப்படியின் பெயரும் தலைமைக் கலைஞர் பெயரும் வரும். டிரம்ஸ் யார், பாஸ் யார், எந்த ஆண்டு என்று தேடினால் பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டுதான் கிடைக்கும். கேப்ளருக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிப் போகிறோம்.

2018இல் அமெரிக்கா இயற்றிய இசைச் சட்டத்தின்படி, 1923இல் வெளியான பதிவுகள் 2024 ஜனவரி 1 முதல் பொதுச்சொத்து. ஜெனட் கம்பெனிக்காகக் கிங் ஆலிவர் குழு வாசித்ததும் அதில் அடக்கம். இனி யார் வேண்டுமானாலும் அதை எடுத்துப் போடலாம். போடுகிறவர்கள் கூடவே ஒரு வரி எழுதட்டும்: 1923 ஏப்ரல், ரிச்மண்ட், கார்னெட் ஜோ 'கிங்' ஆலிவர், லூயிஸ் ஆம்ஸ்ட்ராங், டிராம்போன் ஹானரே டுட்ரே, கிளாரினெட் ஜானி டாட்ஸ், பியானோ லில் ஹார்டின், பாஞ்சோ பில் ஜான்சன், டிரம்ஸ் பேபி டாட்ஸ்.