ஒரு புயலும் நாற்பது ஆண்டுகளும்

'அமேசிங் கிரேஸ்' பாடலைக் கேட்காதவர்கள் குறைவு. அதை எழுதிய ஜான் நியூட்டனின் கதையைப் பிரசங்கங்களில் இப்படித்தான் சொல்வார்கள்: அடிமை வியாபாரம் செய்த கப்பல்காரர் புயலில் சிக்கினார், கடவுளை நோக்கிக் கதறினார், பிழைத்தார், உடனே அந்தத் தொழிலை விட்டுவிட்டுப் போதகரானார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி போகிறது நண்பர்களே!

நியூட்டன் 1725-ல் லண்டனில் பிறந்தார். பக்தியுள்ள தாய், இவருக்கு ஏழு வயது நிறைவதற்குள் இறந்துவிட்டார். 11 வயதில் அப்பாவோடு கடலுக்குப் போனார். 1744-ல் கட்டாயமாகக் கடற்படையில் சேர்க்கப்பட்டு, தப்பி ஓடி, பிடிபட்டு, கசையடி வாங்கினார். பிறகு மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, பட்டினியும் காய்ச்சலுமாகக் கிடந்தார். கடவுள் நம்பிக்கையைக் கேலி செய்வது அவருக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

1748 மார்ச்சில் அவர் ஊர் திரும்பிய 'கிரேஹவுண்டு' கப்பல் வட அட்லாண்டிக்கில் புயலில் மாட்டியது. உள்ளே பாய்ந்த தண்ணீரை மணிக்கணக்கில் பம்பு அடித்து வெளியேற்றினார். அன்றுதான் கடவுளிடம் இரக்கம் கேட்டார். அந்த நாளை ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார். வாயில் வந்த வசைச்சொற்களும் நின்றன.

நெருடல் இனிமேல்தான். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் அவர் அடிமைக் கப்பலின் கேப்டன். அதாவது, மனந்திரும்பிய பிறகு! மேலே மாலுமிகளுக்கு ஞாயிறு ஆராதனை, கீழே சங்கிலியில் மனிதர்கள். கலகத்துக்குத் திட்டம் என்ற சந்தேகத்தில், சிறுவர்களின் கட்டைவிரலை நெருக்கும் கருவியைப் பயன்படுத்தியதை அவரே கப்பல் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். சிறைக்காவலன் வேலை போல இருக்கிறதே என்று அலுத்துக்கொண்டாரே தவிர, அது பாவம் என்று அவருக்குத் தோன்றவில்லை. 1754-ல் வலிப்பு போன்ற நோய் திடீரென்று தாக்கியதால்தான் கடல் வாழ்க்கையை விட்டார்.

1764-ல் ஓல்னி ஊரில் போதகரானார். 1773 புத்தாண்டு ஆராதனைக்காக அந்தப் புகழ்பெற்ற பாடலை எழுதினார். அப்போதும் அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளிப்படையாக எதுவும் பேசவில்லை. 1785-ல் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் அவரிடம் ஆலோசனை கேட்டு வந்தபோது, அரசியலிலேயே இருந்து கடவுளுக்கு ஊழியம் செய் என்றார். கடைசியில் 1788-ல்தான், தான் செய்ததையும் கண்டதையும் ஒரு சிறு நூலாக எழுதி, தன் அறிக்கை மிகவும் தாமதமாக வருகிறது என்று ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியும் சொன்னார். பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டப்படி தடை செய்த 1807-ஆம் ஆண்டின் டிசம்பரில் இறந்தார்.

1748-லிருந்து 1788 வரை நாற்பது ஆண்டுகள்!

அப்படியானால் அவர் வேஷக்காரரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. புயலுக்குப் பிறகும் வெகுகாலம் வரை தன்னை முழுமையான விசுவாசியாகக் கருத முடியாது என்று அவரே பின்னாளில் எழுதினார். முதலில் மாறியது பேச்சு. அடுத்து ஜெபமும் பழக்கவழக்கமும். கடைசியாகத்தான், சம்பளம் தந்த, ஊரே மரியாதையாகப் பார்த்த தொழிலைக் கேள்வி கேட்கும் துணிவு வந்தது. முழு இருதயத்தையும் கொடுப்பது என்றால், வீட்டில் பூட்டி வைத்த கடைசி அறையின் சாவியையும் கொடுப்பது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

ஆவிக்குரிய முதிர்ச்சி மெதுவாகத்தான் வரும் என்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். உண்மைதான். ஆனால் நியூட்டன் வளர்வதற்கு எடுத்துக்கொண்ட காலத்தின் விலையை, அவருடைய கப்பலின் கீழ்த்தளத்தில் கிடந்தவர்கள் கொடுத்தார்கள். நாம் வளரும்வரை நமக்காக விலை கொடுத்துக்கொண்டிருப்பது யார்? அந்தப் பாடலைக் கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.