சிவப்புக் காது ஆமை விற்பனையின் வரலாறு

சிவப்புக் காது ஆமை, ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைத் தாயகமாகக் கொண்ட நன்னீர் ஆமை. கண்ணுக்குப் பின்னால் ஓடும் சிவப்புப் பட்டையால் இப்பெயர் வந்தது. ஆமைகளுக்கு வெளிக்காது கிடையாது என்பதால் பெயர் சற்றுப் பிழையானதுதான். 20-ஆம் நூற்றாண்டில் உலகெங்கும் மிகுதியாக விற்கப்பட்ட வளர்ப்பு ஊர்வனவற்றுள் இதுவும் ஒன்று. விற்பவர் தரும் உறுதிமொழியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி இந்த ஆமையின் வரலாறு நெடுகிலும் வருகிறது.

மலிவுக் கடைகளில்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களின் மலிவுப் பொருள் கடைகளில் ஆமைக் குஞ்சுகள் சில்லறைக் காசுக்குக் கிடைத்தன. குஞ்சு சுமார் 3 செ.மீ. நீளம் இருக்கும். அதனுடன் நடுவில் சிறு தீவும் பிளாஸ்டிக் பனைமரமும் கொண்ட ஒரு கிண்ணமும் விற்கப்பட்டது. சில கடைகளில் ஆமையின் ஓட்டில் வண்ணப் படங்கள் தீட்டி விற்றனர். ஓடு வளரவேண்டிய உயிர்ப்பகுதி என்பதால் அந்த வண்ணப்பூச்சு குஞ்சுக்குக் கேடு செய்தது.

குஞ்சுகள் பெரும்பாலும் லூசியானா மாநிலத்தின் பண்ணைகளிலிருந்து வந்தன. குளங்களில் வளர்ந்த ஆமைகள் கரையில் இடும் முட்டைகளைத் தோண்டியெடுத்துப் பொரிக்க வைத்தனர். 'பண்ணையில் பிறந்தது' என்ற சொல் வாங்குபவருக்கு நிம்மதி தந்தது. ஆனால் இனப்பெருக்கத்துக்கான தாய் ஆமைகளை நெடுங்காலம் காட்டு நீர்நிலைகளிலிருந்தே பிடித்து வந்து சேர்த்தனர்.

வாங்கியவருக்குச் சொல்லப்படாத செய்தி வேறொன்று. இந்தக் குஞ்சு கிண்ணத்துக்குள் அடங்கும் விலங்கு அல்ல. நன்கு வளர்ந்த பெண் ஆமை 25 செ.மீ. அளவை எட்டும். ஆயுள் 20 ஆண்டுகளைத் தாண்டுவதும் உண்டு. வெயில் காய இடமும், நீந்த ஆழமான நீரும், ஓடு வலுப்பெறப் புற ஊதாக் கதிரும் அதற்கு வேண்டும். கிண்ணத்தில் வைத்த குஞ்சுகளில் மிகப்பல சில மாதங்களுக்குள் இறந்தன. ஆகவே ஆமை என்றால் சிறிதாகவே இருக்கும் உயிர் என்ற எண்ணம் பல வீடுகளில் நிலைத்துவிட்டது.

சான்றிதழும் நான்கு அங்குலமும்

1960-களில் குழந்தைகளிடம் காணப்பட்ட கடும் வயிற்றுப்போக்குக்கும் வீட்டு ஆமைக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் கண்டறிந்தனர். காரணம் சால்மோனெல்லா பாக்டீரியா. ஊர்வனவற்றின் குடலில் அது இயல்பாக வாழும். ஆமைக்கு ஒரு தீங்கும் தெரியாது. ஆமையைக் கையிலெடுத்த குழந்தை அதே கையை வாயில் வைத்தால் போதும். 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆமை வழி சால்மோனெல்லா நோய் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,80,000 பேருக்கு ஏற்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

அரசின் முதல் தீர்வு சான்றிதழ். மாநில எல்லை தாண்டி அனுப்பப்படும் ஆமைகள் சால்மோனெல்லா அற்றவை எனச் சான்று பெற வேண்டும் என 1972-இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விதித்தது. இந்த ஏற்பாடு விரைவில் தோற்றது. அதற்கு மோசடியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆமை இந்தக் கிருமியைத் தொடர்ச்சியாக வெளியேற்றுவதில்லை. விட்டு விட்டுத்தான் வெளியேற்றும். இன்று சோதனையில் 'இல்லை' என்று வந்த ஆமை அடுத்த வாரம் கிருமியைக் கழிக்கலாம். சான்று பெற்ற தொகுதிகளிலேயே பின்னர் கிருமி கண்டறியப்பட்டது. நேர்மையான பண்ணையாளரும் தர முடியாத ஓர் உறுதியைச் சட்டம் அவரிடம் கேட்டிருந்தது.

1975-இல் நிர்வாகம் காகிதத்தை விட்டு அளவுகோலை எடுத்தது. ஓட்டின் நீளம் 4 அங்குலத்துக்கும் குறைந்த, அதாவது சுமார் 10 செ.மீ.க்கும் சிறிய, ஆமைகளை வளர்ப்புப் பிராணிகளாக விற்பது தடைசெய்யப்பட்டது. சிறு குழந்தை வாயில் வைக்கக்கூடிய அளவே இந்த எல்லைக்கு அடிப்படை. இத்தடை ஆண்டுதோறும் குழந்தைகளிடையே சுமார் 1,00,000 நோய்த்தொற்றுகளைத் தவிர்த்ததாகப் பின்னர் மதிப்பிடப்பட்டது.

விற்பனையாளர்கள் சிலர் வழி கண்டுபிடித்தனர். தொட்டியை விலைக்கு விற்று, குஞ்சை 'இலவசமாக'க் கொடுத்தனர். கல்விப் பயன்பாட்டுக்கு விலக்கு இருந்ததால் சாலையோரத்தில் குஞ்சு விற்றவர்களும் 'கல்விக்காக' என்றனர். 2007-இல் புளோரிடாவில் பிறந்து நான்கு வாரமே ஆன குழந்தை சால்மோனெல்லா தொற்றால் இறந்தது. அந்த வீட்டுக்கு அன்பளிப்பாக வந்திருந்த சிறு ஆமையிடமும் அதே வகைக் கிருமி இருந்தது.

கடல் கடந்த குஞ்சுகள்

1975-ஆம் ஆண்டு விதியில் மற்றொரு விலக்கும் இருந்தது: ஏற்றுமதி. அமெரிக்கக் குழந்தைகளுக்கு ஆபத்தென்று நிறுத்தப்பட்ட அதே குஞ்சுகள் ஐரோப்பாவுக்கும் ஆசியாவுக்கும் கப்பலேறின. 1989 முதல் 1997 வரை சுமார் 5.2 கோடி குஞ்சுகள் ஏற்றுமதியாயின. 'டீனேஜ் மியூட்டண்ட் நிஞ்சா டர்டில்ஸ்' தொலைக்காட்சித் தொடரும் 1990-இல் வந்த திரைப்படமும் அந்த ஆண்டுகளில் தேவையைப் பெருக்கின. பிழைத்த குஞ்சுகள் வளர்ந்து தொட்டியை மீறியபோது, அவற்றைக் கொல்ல மனமில்லாதவர்கள் பூங்காக் குளங்களில் விட்டனர். அங்கே உள்ளூர் ஆமைகளோடு உணவுக்கும் வெயில் காயும் இடத்துக்கும் அவை போட்டியிட்டன. உலகின் மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இந்த ஆமையும் சேர்க்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இதன் இறக்குமதியை நிறுத்தியது. 2016-இல் விற்பனையையும் புதிதாக வளர்ப்பதையும் தடைசெய்தது. ஏற்கெனவே வீட்டில் இருந்த ஆமைகளை அவற்றின் ஆயுள் முடியும் வரை வைத்துக்கொள்ள உரிமையாளர்களுக்கு வழி விட்டது. ஜப்பான் 2023 ஜூன் முதல் விற்பனையையும் வெளியில் விடுவதையும் தடுத்தது. வீட்டில் வளர்ப்பதைத் தடுக்கவில்லை. வளர்ப்பதையே குற்றமாக்கினால், பயந்தவர்கள் ஒரே இரவில் ஆமைகளைக் குளத்தில் கொட்டிவிடுவார்கள் என்ற அச்சம் அங்கு இருந்தது. அனுபவத்தில் பிறந்த நியாயமான அச்சம் அது.

இந்தியாவில்

நட்சத்திர ஆமை உள்ளிட்ட உள்நாட்டு ஆமைகளை விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்த இடத்தை நிரப்பியது சிவப்புக் காது ஆமை. மீன் தொட்டிக் கடைகளில் வாஸ்து ஆமை என்றும், அதிர்ஷ்டம் தரும் என்றும் சொல்லி விற்கப்படுகிறது. "இது சட்டப்படி வைத்திருக்கலாம்" என்று கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. 2020-இல் மத்திய அரசு வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் தாமாக முன்வந்து தெரிவிக்கலாம் என அறிவித்தது. 2024-இல் அவற்றைப் பதிவு செய்ய விதிகள் வந்தன. இரண்டுமே அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிக உடன்படிக்கையான 'சைட்ஸ்' பட்டியலை அடிப்படையாகக் கொண்டவை. சிவப்புக் காது ஆமை அழியும் நிலையில் இல்லாததால் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. அதனால் அரிய கிளியை வாங்குபவர் பதிவு செய்ய வேண்டும். இந்த ஆமையை வாங்குபவருக்கு அந்தக் கட்டாயமில்லை.

கேரளத்தின் திருச்சூர் பகுதிக் கால்வாயிலும் அசாமின் கோயில் குளத்திலும் இவ்வினம் காணப்பட்டது. கேரள வன ஆராய்ச்சி நிறுவனம், ஆமையை நீர்நிலையில் விடாமல் தன்னிடம் ஒப்படைக்குமாறு வளர்ப்போரைக் கேட்டுக்கொண்டது. விற்ற கடைகள் வளர்ந்த ஆமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்ற விதி இன்னும் வரவில்லை.