ஒரு பந்தையும் எதிர்கொள்ளாத ஆட்டக்காரர்

அமெரிக்கப் பேஸ்பால் பதிவேடுகளில் ஹாரி ஓ'நீல் என்னும் பெயருக்கு எதிரே ஒற்றை வரிதான் உண்டு. ஆடிய ஆட்டங்கள் 1. மட்டை பிடித்த முறைகள் 0. சராசரிக்குரிய கட்டத்தில் எண்ணே கிடையாது. சுழியத்தைச் சுழியத்தால் வகுக்க இயலாதாகையால் அங்கே ஒரு கோடு மட்டும் இருக்கும். அடித்துத் தோற்றவருக்குச் சுழியம். அடிக்கும் வாய்ப்பே பெறாதவருக்குக் கோடு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழை.

பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் பயின்றவர் ஓ'நீல். 1863 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெருஞ்சமர் நிகழ்ந்த ஊர் அது. அக்கல்லூரியின் பழைய கட்டடம் அப்போது காயமுற்றோருக்கான மருத்துவமனையாயிற்று. போரின் நினைவுச் சின்னங்களுக்கு நடுவே வாழ்ந்த அந்த மாணவர் பேஸ்பால், கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து ஆகிய மூன்றிலும் கல்லூரிக்காக ஆடினார். 1939இல் பட்டம் பெற்ற கையோடு, கானி மாக் நடத்திய பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது.

அவர் கேட்சர், அதாவது மட்டையாளருக்குப் பின்னே குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். நம் கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரை ஒருவாறு ஒத்த பணி. 1939 ஜூலை 23 அன்று டெட்ராய்ட் அணிக்கெதிராக அத்லெட்டிக்ஸ் 16–3 எனப் படுதோல்வியை நோக்கிச் சென்றுகொண்டிருந்த ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் அவர் களமிறக்கப்பட்டார். மட்டை பிடிக்க அவர் முறை வருமுன்னரே ஆட்டம் முடிந்தது. அதன்பின் முதன்மை அணிகளில் அவர் ஆடவேயில்லை. சிறிய அணிகளில் ஆடியும், பள்ளியில் கற்பித்தும் காலம் கழிந்தது.

1942இல் மரைன் படையில் சேர்ந்தார். 1944 ஜூனில் சைப்பான் தீவில் காயமுற்று, தேறி, மீண்டும் தம் படைப்பிரிவுக்கே திரும்பினார். அடுத்த களம் இவோ ஜிமா. அத்தீவென்றதும் 1945 பிப்ரவரி 23 அன்று சுரிபாச்சி மலைமீது கொடி நாட்டும் அந்தப் புகழ்பெற்ற ஒளிப்படமே நம் நினைவுக்கு வரும். போர் அத்துடன் முடிந்தது போன்றதொரு மயக்கமும் எழும். உண்மையில் சமர் மார்ச் 26 வரை நீண்டது. கொடி ஏறிப் பதினொரு நாள் கழித்து, மார்ச் 6 அன்று, லெப்டினன்ட் ஓ'நீல் மறைந்திருந்து சுட்ட வீரனொருவனின் குண்டுக்கு இரையானார். வயது 27.

முதன்மை அணிகளில் ஆடியோருள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இரண்டாம் உலகப் போரில் பணிபுரிந்தனர். களத்தில் உயிரிழந்தோர் இருவரே. மற்றவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் தடை தாண்டும் ஓட்டத்திலும் பெயர் பெற்ற எல்மர் கெடியன். அவரும் 1917இல் பிறந்தவர். அவரும் 1939இல் மட்டுமே முதன்மை அணியில் ஆடியவர். ஐந்து ஆட்டங்களில் 15 முறை மட்டை பிடித்து 3 முறை வெற்றிகரமாக அடித்தார். பயிற்சிக் காலத்தில், விபத்துக்குள்ளாகி எரிந்துகொண்டிருந்த விமானத்தினுள் மீண்டும் புகுந்து தோழர் ஒருவரை வெளியே கொணர்ந்ததற்காகப் பதக்கம் பெற்றார். 1944 ஏப்ரல் 20 அன்று, தாம் ஓட்டிய குண்டுவீச்சு விமானம் பிரான்ஸின்மீது சுட்டு வீழ்த்தப்பட்டபோது மாண்டார்.

கெடியனைப் பற்றிச் சொல்ல எண்களேனும் உள. ஓ'நீலுக்கு அதுவுமில்லை. ஆயினும் அந்த வெற்றுக் கோட்டைக் காணும்போதெல்லாம் எனக்கு நம் எழுவாய் வேற்றுமை நினைவுக்கு வருகிறது (துறைப் பழக்கம், பொறுத்தருள்க). அதற்கு உருபு இல்லை, பெயர் மட்டுமே. இலக்கணிகள் அதைத் தள்ளிவிடவில்லை. எட்டனுள் முதலாவதாக எண்ணினர்.

கெடியனின் கல்லறை வர்ஜீனியாவிலுள்ள ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் உள்ளது. ஓ'நீலின் உடலும் பின்னர்த் தாய்நாட்டுக்குக் கொணரப்பட்டு ஆர்லிங்டனிலேயே புதைக்கப்பட்டது. ஆனால் அது வேறோர் ஆர்லிங்டன்: பிலடெல்பியாவை அடுத்த டிரெக்சல் ஹில்லில் உள்ள, அப்பெயருடைய ஊர்ப்புற இடுகாடு.